மெக்சிகோவில் டைம்ஷேர் வாங்கிவிட்டீர்களா? அந்த ஐந்து வேலை நாட்களில் செய்யவேண்டியவை

கான்குன் விமான நிலையத்தில் சுங்கம் தாண்டி வெளியே வரும் வழியில் இரு பக்கமும் மேசைகள் போட்டிருப்பார்கள். சீருடை மாதிரியான சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக நிற்பவர்கள் "எந்த ஹோட்டல்? வாகனம் ஒழுங்கு செய்தாயிற்றா?" என்று கேட்டு மறிப்பார்கள். பார்த்தால் விமான நிலைய ஊழியர்கள் போலத்தான் இருக்கும். அவர்களில் பெரும்பாலானோர் டைம்ஷேர், அதாவது விடுமுறை விடுதியில் குறித்த சில நாட்கள் தங்கும் உரிமையை, விற்கும் கூட்டத்துக்கு ஆள் பிடிப்பவர்கள். ஒரு சோடியைக் கூட்டத்தில் உட்கார வைத்தால் அவர்களுக்குத் தரகு கிடைக்கும்.

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து தை மாதக் குளிருக்குத் தப்பிப் போன என் அக்காவும் அத்தானும் அந்த மேசையில்தான் மாட்டினார்கள். இலவசக் காலைச் சாப்பாடு, சிச்சேன் இட்சா என்ற பழைய மாயன் நகரைப் பார்க்கும் பயணத்துக்குப் பாதி விலை, "ஒன்றரை மணித்தியாலம்தான்" என்ற உறுதி. ஒன்றரை மணித்தியாலம் ஐந்து மணித்தியாலமானது. விலை நான்கு முறை குறைந்தது. கடைசியில் கடனட்டையைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அன்றிரவு எனக்குத் தொலைபேசி: "தம்பி, நாங்கள் ஒரு பிழை விட்டிட்டம் போல கிடக்குது."

அன்று இரவு முழுக்க நான் தேடிப் படித்ததும், அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பலருக்காகப் படித்ததும்தான் இந்த வழிகாட்டி. மெக்சிகோவை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் போகும் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது கான்குன், புவர்த்தோ வயார்த்தா, லோஸ் காபோஸ் கடற்கரைகளில்தான். மெக்சிகோவின் நுகர்வோர் சட்டம் பலர் நினைப்பதைவிட வலுவானது. உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று அது பார்ப்பதில்லை. ஆனால் அதன் மிகப் பெரிய உரிமைக்கு, அதாவது காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும் உரிமைக்கு, ஆயுள் ஐந்து வேலை நாட்கள். கையெழுத்து வாங்கிய பிறகு விற்றவர்கள் செய்வதெல்லாம் அந்த ஐந்து நாட்களைக் கடத்தும் வேலை.

படி 1: நீங்கள் வாங்கியது வீடு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

"இது சொத்து, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம்" என்று விற்பனை மேசையில் சொல்வார்கள். மெக்சிகோ அரசியலமைப்பின் 27ஆம் பிரிவின்படி, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் நிலத்தை நேரடியாகத் தம் பெயரில் வைத்திருக்க முடியாது. அங்கே உண்மையாகவே வீடு வாங்கும் வெளிநாட்டவர், வங்கி ஒன்றின் பெயரில் அறக்கட்டளை அமைத்துத்தான் வாங்குவார். ஃபிதேகொமீசோ என்பது அதற்குப் பெயர். 50 ஆண்டுக்கு அனுமதி, பிறகு புதுப்பிக்கலாம். காலைச் சாப்பாட்டு மேசையில் நடந்தது அதுவல்ல.

நுகர்வோர் பாதுகாப்புக் கூட்டாட்சிச் சட்டத்தின் 64ஆம் பிரிவு டைம்ஷேரைத் தெளிவாக வரையறுக்கிறது: ஒப்புக்கொண்ட காலங்களில் ஓர் இடத்தைப் பயன்படுத்தும் உரிமை, பணம் கொடுத்து, உடைமை கைமாறுவதில்லை. அந்தப் பிரிவில் எனக்கு மிகப் பிடித்தது, ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் அது டைம்ஷேர்தான் என்று அது சொல்வது. "இது டைம்ஷேர் இல்லை சார், விடுமுறைக் கழக அங்கத்துவம்", "இது புள்ளித் திட்டம்" என்று சொல்லிச் சட்டத்திலிருந்து நழுவ முடியாது.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே கழற்றிவிடுகிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்காரர் பலர் "ரத்துச் செய்ய எங்களுக்குப் பத்து நாள் இருக்கு" என்பார்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் டைம்ஷேருக்குப் பத்து நாள் தருவது உண்மை. ஆனால் கொடுக்கல் வாங்கல் நடக்கும்போது வாங்குபவரோ விற்பவரோ ஒன்ராறியோவில் இருந்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தும். கான்குனில் இருந்துகொண்டு கான்குன் நிறுவனத்தோடு போட்ட கையெழுத்துக்கு அது உதவாது. புளோரிடாவின் பத்து நாளும் ஐரோப்பாவின் பதினான்கு நாளும் அப்படித்தான். மெக்சிகோவில் ஐந்து வேலை நாள், அவ்வளவுதான்.

படி 2: நாட்களை எண்ணுங்கள், ஆனால் கடைசி நாளை நம்பாதீர்கள்

டைம்ஷேருக்கென்றே மெக்சிகோவில் ஒரு தரவிதி இருக்கிறது. நோம் 029 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதுவும் நுகர்வோர் சட்டத்தின் 56ஆம் பிரிவும் சேர்ந்துதான் உங்களுக்கு ஐந்து வேலை நாட்களைத் தருகின்றன. அந்த நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். தண்டம் இல்லை, கழிவு இல்லை, கொடுத்த விலை முழுவதும் திரும்ப வரவேண்டும்.

சனி, ஞாயிறு, அரசு விடுமுறை கணக்கில் வராது. அக்கா வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டார். வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று, புதன் நான்கு, அடுத்த வியாழன் ஐந்து. ஆனால் அவர்களுக்கு விமானம் ஞாயிற்றுக்கிழமை. நான் சொன்னது, "நாளைக்கு விடியவே செய்யுங்கோ." உங்களுக்கும் அதையே சொல்வேன். விடுமுறை நாள் எது என்று வழக்காடிக்கொண்டிருக்கும் நிலைக்குப் போகவே வேண்டாம்.

படி 3: தாள்களை எல்லாம் ஒரு மேசையில் பரப்புங்கள்

இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். தேடவேண்டியவை:

ஒப்பந்த எண், நாள், நிறுவனத்தின் முழுச் சட்டப் பெயர், முகவரி. விளம்பரத்தில் இருக்கும் ஹோட்டல் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் நிறுவனப் பெயரும் பெரும்பாலும் வேறு வேறு. கடிதம் ஒப்பந்தப் பெயருக்குத்தான் போகவேண்டும்.

ரத்துச் செய்வது பற்றிய பந்தி. அதில் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் அது தங்கம்.

பதிவெண். டைம்ஷேர் ஒப்பந்தத்தை புரோஃபெகோவில் பதிவு செய்த பிறகுதான் விற்கவே தொடங்கலாம் என்கிறது 65ஆம் பிரிவு. புரோஃபெகோ என்பது மெக்சிகோ அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம். முதலாம் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, பிறகு அது எப்படிக் கணக்கிடப்படும், எந்தக் காலத்துக்கு என்ன உரிமை, மற்ற விடுதிகளோடு மாற்றிக்கொள்ளும் வசதிக்குத் தனிச் செலவு உண்டா என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும். 87ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பதிவு செய்யவேண்டிய ஒப்பந்தம் பதிவு செய்யப்படாமல் இருந்தால், அது நுகர்வோருக்கு எதிராகச் செல்லாது. இந்த வரியை நினைவில் வையுங்கள், படி 7இல் மறுபடி வருவேன்.

பகாரே எனப்படும் கடனுறுதிச் சீட்டுகள். மீதிப் பணத்துக்காக மாதம் ஒன்றுக்கு ஒன்று வீதம் கையெழுத்து வாங்கியிருக்கக்கூடும். கட்டோடு இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. சில இடங்களில் முற்பணத்துக்காக அங்கேயே ஒரு புதுக் கடனட்டைக்கு உங்கள் பெயரில் விண்ணப்பமும் போட்டுவிடுவார்கள். அதையும் பாருங்கள்.

ஸ்பானிய மொழிப் பிரதி. மெக்சிகோவில் செய்யும் இத்தகைய அச்சடித்த ஒப்பந்தம் செல்லவேண்டுமானால் ஸ்பானிய மொழியில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், ஒரே அளவில் இருக்கவேண்டும் என்பது 85ஆம் பிரிவு. உங்களுக்கு ஆங்கிலப் பிரதி மட்டும் கொடுத்திருந்தால் ஸ்பானியப் பிரதியையும் எழுத்தில் கேளுங்கள். வழக்கென்று வந்தால் பேசப்போவது அந்தப் பிரதிதான்.

படி 4: ரத்துக் கடிதம்

அழகாக எழுதவேண்டியதில்லை, குறையில்லாமல் எழுதவேண்டும். இரண்டு பேர் கையெழுத்திட்டிருந்தால் கடிதத்திலும் இருவரும் கையெழுத்திடுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர்கள், ஒப்பந்த எண், கையெழுத்திட்ட நாள், கொடுத்த தொகை, கடனட்டையின் கடைசி நான்கு இலக்கம். பிறகு சாரம்: நுகர்வோர் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படியும் நோம் 029இன்படியும், ஐந்து வேலை நாட்களுக்குள், எங்கள் சம்மதத்தை மீளப்பெறுகிறோம், செலுத்திய முழுத் தொகையையும் அதே அட்டைக்குத் திருப்புங்கள், கையெழுத்திட்ட கடனுறுதிச் சீட்டுகள் அனைத்தையும் ரத்துச் செய்து திருப்பித் தாருங்கள், இதோடு சேர்த்த, மற்ற விடுதிகளோடு மாற்றிக்கொள்ளும் பரிமாற்றக் கழக அங்கத்துவமும் ரத்து.

காரணம் எழுதாதீர்கள். "எங்களுக்கு வசதி போதாது" என்று எழுதினால் தவணையைக் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். "விற்பனையாளர் பொய் சொன்னார்" என்று எழுதினால் அவர் அப்படிச் சொல்லவில்லை என்று ஒரு மாதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். காரணம் கேட்காத சட்டத்துக்கு நாமாக ஏன் காரணம் கொடுக்கவேண்டும்?

ஆங்கிலத்தில் எழுதி, அதற்குக் கீழே ஸ்பானிய மொழிபெயர்ப்பையும் சேர்த்தால் நல்லது. கைபேசி மொழிபெயர்ப்பே போதும்.

படி 5: கொடுத்ததற்குச் சாட்சி வேண்டும்

நேரில் கொடுக்கலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், அல்லது நிரூபிக்கக்கூடிய வேறு வழியில் அனுப்பலாம் என்று 56ஆம் பிரிவு சொல்கிறது. தபாலில் போனால் நீங்கள் ஒப்படைத்த நாள்தான் கணக்கு, அவர்களுக்குக் கிடைத்த நாள் அல்ல. ஆகவே "எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தால்தான் ரத்து" என்று சொன்னால் அதற்குப் பயப்படவேண்டாம்.

நான் சொல்வது, மூன்று வழியிலும் செய்யுங்கள். இரண்டு பிரதியோடு அலுவலகத்துக்குப் போங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் பெற்றுக்கொண்ட முத்திரையும் நாளும் கையெழுத்தும் கேளுங்கள். அதை அங்கே அக்கூசே என்பார்கள். அந்தச் சொல்லைச் சொன்னாலே நீங்கள் விஷயம் தெரிந்து வந்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். அதே நாளில் கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், புரோஃபெகோவுக்கும் பிரதி போகட்டும். பிறகு கூரியரிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கான்குனிலும் புவர்த்தோ வயார்த்தாவிலும் புரோஃபெகோ அலுவலகங்கள் உண்டு, முத்திரை போட மறுத்தால் நேரே அங்கே போகலாம்.

அக்காவுக்கு நடந்தது: முதல் தடவை போனபோது "அந்தப் பொறுப்பாளர் இன்று விடுமுறை". அத்தான் பொறுமைசாலி. வரவேற்பறைக் கதிரையில் உட்கார்ந்து, அங்கிருந்தே மின்னஞ்சலை அனுப்பி, அனுப்பிய நேரத்தை வரவேற்பாளரிடம் காட்டினார். முக்கால் மணித்தியாலத்தில் பொறுப்பாளர் விடுமுறையிலிருந்து வந்துவிட்டார்.

படி 6: அந்த நாட்களில் வரும் பொறிகள்

இதை மெதுவாகப் படியுங்கள். சட்டத்தைவிட இங்கேதான் பலர் தோற்கிறார்கள்.

முதல் பொறி இனிப்பானது. "அங்கத்தவர் ஆகிவிட்டீர்கள், இன்றே பெரிய அறைக்கு மாறுங்கள்", "இந்தக் கிழமையே ஒரு போனஸ் இரவு". ஏற்காதீர்கள். 56ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: சேவையைப் பொறுத்தவரை, அதைப் பயன்படுத்தும் நாள் கொள்வனவு நாளிலிருந்து பத்து வேலை நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் விலகும் உரிமை பொருந்தாது. அந்தப் பெரிய அறை ஏன் இவ்வளவு அவசரமாக வருகிறது என்று இப்போது விளங்கும். நோம் 029ஐக் காட்டி வாதாடலாம்தான். ஆனால் ஓர் இரவு கடல் பார்க்கும் சன்னலுக்காக அந்த வாதத்துக்கே இடம் கொடுப்பானேன்?

இரண்டாவது, உரிமையை விட்டுக்கொடுத்ததாக நீங்கள் கையெழுத்திட்ட தாள். கட்டுக்குள் எங்கேயோ "ஐந்து நாள் உரிமையைக் கைவிடுகிறேன்" என்று இருக்கும். இந்தச் சட்டத்தின் உரிமைகளைக் கைவிட முடியாது என்று அதன் முதலாம் பிரிவே சொல்கிறது. நுகர்வோரை இந்தப் பாதுகாப்பைக் கைவிடச் செய்யும் வரியும் வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு இழுக்கும் வரியும் செல்லாது என்பது 90ஆம் பிரிவு. அந்தத் தாளைக் கண்டு மனம் தளர்ந்து கடிதம் எழுதாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு உரிமை இருந்தது, நாள்தான் போய்விட்டது.

மூன்றாவது, மலிவான புது ஒப்பந்தம். ரத்துக் கடிதம் கொடுத்ததும் இன்னும் அன்பான ஒருவர் வருவார். "பெரிய திட்டம் உங்களுக்குச் சரிவராது, விளங்குகிறது, இதோ சிறியது." புதுக் கையெழுத்து என்றால் புது ஒப்பந்தம். பழையதை ரத்துச் செய்த பலன் அதோடு கரைந்துவிடும்.

நான்காவது, வாய்வார்த்தை. "ரத்துச் செய்துவிட்டோம், நீங்கள் கவலைப்படாமல் கடலுக்குப் போங்கள்." எழுத்தில் இல்லாத ரத்து, ரத்து இல்லை.

படி 7: பணம் வராவிட்டால், அல்லது ஐந்து நாள் போய்விட்டால்

ரத்துக் கடிதம் நேரத்துக்குப் போயும் பணம் வராவிட்டால் இரண்டு கதவுகளை ஒரே நேரத்தில் தட்டுங்கள். ஒன்று உங்கள் கடனட்டை வங்கி. கடிதம், முத்திரை, மின்னஞ்சல் எல்லாவற்றையும் இணைத்து "ரத்துச் செய்த சேவைக்குப் பணம் திருப்பப்படவில்லை" என்று முறைப்பாடு செய்யுங்கள். அதற்கு வங்கிகள் காலக்கெடு வைத்திருக்கும், ஆறப்போடாதீர்கள். முற்பணத்தை அட்டையில் கொடுத்தவருக்கு இருக்கும் இந்த வழி, வங்கி மாற்றில் அனுப்பியவருக்கு இல்லை.

மற்றது புரோஃபெகோ. வெளிநாட்டில் வசிப்பவர்களின் முறைப்பாட்டைக் கவனிக்கவென்றே அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு மின்னஞ்சல் வழியாகவே தொடங்கலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. ஒப்பந்தம், ரத்துக் கடிதம், பணம் கட்டிய சான்று, கடவுச்சீட்டுப் பிரதி, நடந்ததை நாள்வாரியாகச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம் ஆகியவை போதும். நிறுவனத்தை அழைத்துச் சமரசக் கூட்டம் வைப்பார்கள். அதைத் தொலைபேசியிலும் நடத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. அங்கே எட்டும் உடன்பாட்டுக்குத் தீர்ப்பின் வலு உண்டு. உடன்பாடு வராவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும். முறைப்பாட்டுக்கு ஓராண்டுக் கெடு இருக்கிறது, அதைத் தாண்டவிடாதீர்கள்.

தூதரகத்துக்கு எழுதுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். தனியார் ஒப்பந்தத் தகராறில் தூதரகம் தலையிடாது. வழக்கறிஞர் பட்டியல் தருவார்கள், அவ்வளவுதான்.

ஐந்து நாள் போய்விட்டதென்றால் சும்மா விலகும் உரிமை முடிந்தது. இனிமேல் காரணம் வேண்டும். ஒப்பந்தத்துக்குப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புரோஃபெகோவின் பதிவேட்டை இணையத்தில் பார்க்கலாம். இல்லாவிட்டால் 87ஆம் பிரிவு உங்கள் பக்கம். 65ஆம் பிரிவு கேட்கும் விவரங்கள் விடுபட்டிருந்தால், சொன்ன காலத்தில் அறை தராவிட்டால், எழுத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால் அவையும் முறைப்பாட்டுக்குப் போதுமான காரணங்கள். வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம். கையெழுத்துக்கு முன் ஒருவர் வந்து ஒவ்வொரு வரியாக வாசித்து "ஆம்" என்று முதலெழுத்துப் போடச் சொன்னார் அல்லவா, அது அதற்காகத்தான். ஆனாலும் விற்பனையாளர் கணக்குப் போட்டுக் காட்டிய கிறுக்கல் தாள் இருந்தால் எறியாதீர்கள்.

மெக்சிகோ வழக்கறிஞரை வைப்பதானால் அவருடைய தொழில் உரிம எண்ணைக் கேளுங்கள். சேதுலா புரொஃபெசியொனால் என்பார்கள், கல்வி அமைச்சின் பொதுப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். எண் தரத் தயங்குபவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். ஒருவரையும் கேட்காமல் தவணையையோ பராமரிப்புப் பணத்தையோ நிறுத்தவும் வேண்டாம்.

படி 8: "உங்கள் டைம்ஷேரை வாங்க ஆள் இருக்கிறது"

வாங்கி மாட்டியவருக்கு இரண்டாவது அடி இந்த வசனத்தில்தான் விழும். இரண்டாம் கைச் சந்தையில் டைம்ஷேருக்குப் பெரும்பாலும் கொடுத்த விலையில் சிறு பங்குகூடக் கிடைக்காது. ஆனால் தொலைபேசியில் வருபவர் நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தருவார். ஒப்பந்தம் வரும், வழக்கறிஞர் பெயர் வரும், அழகான இணையதளமும் இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: மெக்சிகோ வரியை அல்லது பதிவுக் கட்டணத்தை நீங்கள் முதலில் அனுப்பவேண்டும்.

இது சில்லறைத் திருட்டு இல்லை. புவர்த்தோ வயார்த்தாவை மையமாக வைத்து ஹலிஸ்கோ நியூ ஜெனரேஷன் என்ற போதைப்பொருள் கும்பலே இதை நடத்துகிறது என்று சொல்லி, அமெரிக்கக் கருவூலத் துறை 2023இலிருந்து பல நிறுவனங்கள்மீதும் ஆட்கள்மீதும் தடை விதித்தது. 2019 முதல் 2023 வரை ஏறக்குறைய 6,000 அமெரிக்கர்கள் இவ்வகை மோசடியில் 30 கோடி டாலர் அளவுக்கு இழந்ததாக முறையிட்டிருக்கிறார்கள் என்று 2024 யூலையில் வந்த அரசு அறிவிப்புச் சொல்கிறது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். உண்மையாக வாங்குபவர் விற்பவரிடம் பணம் கேட்கமாட்டார். வரி இருந்தால் விலையிலேயே கழித்துக்கொள்ளலாம். புரோஃபெகோ எந்தக் கட்டணமும் கேட்காது. கேட்டுக் கடிதம் வந்தால், முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், அது புரோஃபெகோ கடிதமில்லை.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் அன்றே வங்கிக்குச் சொல்லி மாற்றத்தை நிறுத்தப் பார்க்கவேண்டும். கனடாவில் இருப்பவர் கனடிய மோசடித் தடுப்பு மையத்திலும், அமெரிக்காவில் இருப்பவர் எஃப்பிஐயின் இணையக் குற்ற முறைப்பாட்டு மையத்திலும் பதியவேண்டும். அடுத்த சில மாதங்களில் இன்னொருவர் கூப்பிடுவார். தன்னை இன்டர்போல் அதிகாரி என்றோ வழக்கறிஞர் என்றோ சொல்வார். நீங்கள் இழந்த தொகை அவருக்குச் சதம் பிசகாமல் தெரிந்திருக்கும். அதை மீட்டுத் தருவதற்கு ஒரு சிறு கட்டணம் கேட்பார். முதல் ஆள் விற்ற பட்டியலில் உங்கள் பெயரும் இருந்தது, அதனால்தான் தெரிந்திருக்கிறது.